திருத்தி அமைத்த எஞ்சினில் தீராத எண்ணெய்க் கசிவு

கோலசிலாங்கூரிலும், அதற்கு வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் வரையிலும், உள்நாட்டில் ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும் உள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் இளைஞர் பலருக்கு, யந்திரங்களின் மீது உள்ள பற்று தந்தை வழியாக வந்தது. ரப்பர் ஆலையின் உருளைகளையும் செம்பனை ஆலையின் கொதிகலனையும் தோட்டத்து லாரியையும் டிராக்டரையும் பழுதுபார்த்துப் பழகிய கைகளின் வாரிசுகள் அவர்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய புரோட்டோன் வீராவையோ சத்ரியாவையோ வாங்கி, ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டாக வந்து இறங்கும் மிட்சுபிஷி 4ஜி93 டர்போவையோ 4ஜி63 டர்போவையோ அதில் ஏற்றி, பிஸ்டனும் பேரிங்கும் புதிதாகப் போட்டு ஓவரால் செய்து ஓட்டவேண்டும் என்பது அவர்களில் பலருடைய நெடுநாள் ஆசை. அது வீண் ஆசை என்று சொல்லிவிட முடியாது. 2002ஆம் ஆண்டு உலக ராலிப் போட்டியின் உற்பத்திக் கார்ப் பிரிவில் கரம்ஜித் சிங் சாம்பியன் பட்டம் வென்றபோது, அவருடைய புரோட்டோன் பெர்ட் காரில் இருந்ததும் இந்த 4ஜி63 குடும்பத்து டர்போ எஞ்சின்தான்.

ஆனால், இவ்வளவு பிரயத்தனத்துடன் கட்டிய எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நாட்களில், கார் நின்ற சிமெண்டுத் தரையில் கறுப்புத் துளிகள் தென்படும். பட்டறைக்காரர் சீலை மாற்றுவார். ஒரு வாரம் நிற்கும். பிறகு மீண்டும் கசியும். மறுபடியும் கியர்பெட்டி இறங்கும்; மறுபடியும் சீல் மாறும். சீலின் விலை அற்பம்; அதை மாற்றும் கூலியும், கார் நின்றுபோகும் நாட்களும் அற்பமல்ல. இது பணத்தோடு முடிகிற நஷ்டமும் அன்று. டர்போவுக்கு அருகே செந்நிறமாகப் பழுக்கும் எக்ஸாஸ்ட் குழாயின் மீது எண்ணெய் சொட்டினால் தீ மூளும்; டைமிங் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி, பெல்ட் பற்கள் உதிர்ந்து, வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும்; கிளட்ச்சில் பட்டால் முழு பலமும் சக்கரத்துக்குச் சேராமல் வழுக்கிப்போகும்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். புதிதாகப் போட்ட நல்ல சீல் ஒன்று சொற்ப நாட்களில் மீண்டும் கசியுமானால், சீலின் மேல் குற்றம் சுமத்துவதை நிறுத்திவிட்டு, முதலாவதாக அதை உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தையும், இரண்டாவதாக அது உராயும் பரப்பையும், மூன்றாவதாக அதைப் பொருத்திய முறையையும், இந்தக் கிரமத்திலேயே பரிசோதிக்க வேண்டும். இந்தக் கிரமம் தவறுவதனால்தான் கசிவு தீராத வியாதியாகத் தோன்றுகிறது.

கழுவுமுன் பார்த்தல்

எண்ணெய் படிந்த எஞ்சினைக் கண்டவுடன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவது நம் பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. கழுவுவது அவசியமே, ஆனால் கழுவுமுன் பார்ப்பது அதைவிட அவசியம். மலேசியாவில் செம்பனையை வியாபார நோக்கத்துடன் முதன்முதலாகப் பயிரிட்டது 1917ஆம் ஆண்டு, இதே பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில். அந்தக் காலந்தொட்டுக் குலை ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஓடி ஓடி அரைத்த செம்மண் பாதைகள் இன்றும் தோட்டங்களுக்குள் ஏராளம். அந்தப் பாதைகளில் ஓடும் காரின் அடிப்பாகத்தில், எண்ணெய் எங்கெங்கே நனைத்திருக்கிறதோ அங்கெல்லாம் செம்மண் தூசி ஒட்டிக் கனத்திருக்கும். தடித்து உலர்ந்த மண் படிவு பழைய கசிவைக் காட்டும். மண் ஒட்டாமல் பளபளப்பாக ஈரம் மின்னும் கோடு, எண்ணெய் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வழியைக் காட்டும். இவ்விரண்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகே கழுவுங்கள். சம்ப்பின் அடியில் கல் மோதிய தழும்பு உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். தோட்டத்துச் சாலையின் நடுமேட்டில் தட்டிய சம்ப், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பைத் தாங்கியிருப்பதுண்டு.

கசிவது எஞ்சின் எண்ணெய்தானா என்பதும் நிர்ணயமாக வேண்டும். வெள்ளைத் துணியிலோ காகிதத்திலோ ஒரு துளி ஏந்திப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் பொன்னிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும்; ஆட்டோ கியர் எண்ணெயும் பவர் ஸ்டியரிங் எண்ணெயும் பெரும்பாலும் செந்நிறம்; கைக்கியர் எண்ணெய்க்குக் கந்தக நெடி உண்டு; ரேடியேட்டர் நீர் விரல்களுக்கிடையே பிசுபிசுக்கும். பிற்பகல் மழையில் வந்த வண்டியாயின், தண்ணீர் சொட்டி முடிந்து அடிப்பாகம் உலரும் வரை பொறுத்திருந்து சோதிப்பது உசிதம்.

கழுவிய பின் தேடுதல்

எஞ்சின் ஆறிய பிறகு, மின் இணைப்புகளையும் காற்று உறிஞ்சும் வாயையும் மூடிவிட்டு, டிகிரீசர் கொண்டு கழுவி, காற்றடித்து முற்றிலும் உலர்த்துங்கள். பிறகு சந்தேகத்துக்குரிய இணைப்புகளின் மீது முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி, எஞ்சினைச் சுமார் 15 நிமிஷம் உஷ்ணமேறும்படி ஓட்டுங்கள். வெண்மையின் மீது முதல் ஈரம் தோன்றும் இடமே கசிவின் ஊற்றுக்கண். இவ்விதம் தெளியாத மிக மெல்லிய கசிவுக்கு, எண்ணெயில் கலக்கும் ஒளிர்சாயத்தையும் புற ஊதா விளக்கையும் பயன்படுத்தலாம். இருட்டிய பின் அந்த விளக்கைப் பிடித்தால், கசிந்த வழி முழுவதும் மஞ்சள்பச்சையாக ஒளிரும்.

எண்ணெய் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும் காரில் காற்று அதை முன்னிருந்து பின்னே தள்ளும். ஆதலால் துளி விழும் இடம் ஒருபோதும் சாட்சியாகாது. நனைந்த இடங்களுள் எது மிக உயரத்தில் உள்ளதோ, எது மிக முன்னே உள்ளதோ, அதுவே சாட்சி. அந்த இடத்தை அடையும் வரை தேடலை நிறுத்தலாகாது.

கிராங்க் அறையின் அழுத்தம்

கசிவின் மூல காரணங்களுள் பிரதானமானதும், மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி கீழே கிராங்க் அறைக்குள் இறங்குவது எல்லா எஞ்சின்களுக்கும் இயல்பு. அந்த வாயு மூச்சுக்குழாய் வழியாகவும் பி.சி.வி. வால்வு வழியாகவும் வெளியேறிவிடுமானால் தீங்கில்லை. வெளியேறும் வழி குறுகியிருந்தாலோ, இறங்கும் வாயு மிகுந்திருந்தாலோ, அறைக்குள் அழுத்தம் ஏறி, எந்தச் சீல் மிகவும் பலவீனமானதோ அதைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறும். அந்தச் சீலை மாற்றினால், அதற்கு அடுத்த பலவீனமான சீல் கசியத் தொடங்கும். கசிவு இடம் மாறிக்கொண்டே போகிறது என்றால், அதுவே அழுத்தத்தின் முதல் லட்சணம்.

பலம் கூட்டிய எஞ்சினில் இந்தத் தொல்லை அதிகம். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு உஷ்ண விரிவு கூடுதலாதலால் சிலிண்டரில் இடைவெளியும் சற்றுக் கூடுதலாக விடப்படுகிறது. டர்போவின் அழுத்தம் அதனோடு சேர்கையில், குளிர்ந்த நிலையிலும் முழு வேகத்திலும் மிகுந்த வாயு கீழே இறங்குகிறது. ஓவரால் முடிந்த முதல் நாட்களில் எஞ்சினுக்கு மிதமான சுமை கொடுத்து ஓட்டாமல், பயந்து பயந்து ஐடிலிங்கிலேயே நிறுத்தி வைத்தால், வளையங்கள் சிலிண்டர் சுவரில் படியாமல் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். பிறகு அந்த எஞ்சினின் வாயுக்கசிவு தானாகத் தீராது.

நம் பகுதிக்கே உரிய விசேஷக் காரணம் ஒன்றும் உண்டு. குடியிருப்பிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து பட்டணத்துக்குமாகச் சில மைல் ஓடி நிற்கும் கார், எண்ணெய் முழுச் சூட்டை அடையுமுன்பே அணைக்கப்படுகிறது. ஈரம் மிகுந்த நம் காற்றிலும் எரிந்த வாயுவிலும் உள்ள நீராவி எண்ணெயோடு கலந்து வெளிறிய குழம்பாகி, மூச்சுக்குழாயிலும் கேட்ச் டாங்கிலும் படிந்து வழியை அடைத்துவிடுகிறது. அழகுக்காகப் பொருத்திய சிறு கேட்ச் டாங்கும், அதற்குப் போகும் விரல் தடிமனுக்கும் குறைந்த குழாயும், பலம் கூட்டிய எஞ்சினின் மூச்சுக்கு ஒருபோதும் போதா. குழாய்களைக் கழற்றி ஊதிப் பாருங்கள். தடையின்றிக் காற்றுப் போக வேண்டும். பி.சி.வி. வால்வைக் குலுக்கினால் உள்ளிருக்கும் தண்டு ஓசைப்பட வேண்டும். கழுவிய வால்வில் ஒரு சிறு குழாயை மாட்டி ஊதினால், காற்று ஒரு திசையில் மட்டுமே போக வேண்டும். இரு திசையிலும் போகுமானால், டர்போ ஊதும் அழுத்தம் நேரே கிராங்க் அறைக்குள் இறங்குகிறது என்று அறியுங்கள்.

அழுத்தத்தை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பலகையில் ‘ப’ வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் அளவுகோல் ஒன்றை ஒட்டி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் மாட்டிவிடுங்கள். இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடே அழுத்தம். 10 சென்டிமீட்டர் நீர் உயரம் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கலுக்குச் சமம். பி.சி.வி. ஒழுங்காக வேலை செய்யும் எஞ்சினில், ஐடிலிங்கில் நீர் உட்புறமாகச் சற்று இழுக்கப்பட வேண்டும். ஐடிலிங்கிலேயே நீர் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு, வேகம் கூடக்கூட அதுவும் ஏறிக்கொண்டே போகுமானால், சீலைத் தொடாதீர்கள். முதலில் மூச்சுவழியைச் சீராக்குங்கள்.

மூச்சுவழி சீராகியும் அழுத்தம் குறையவில்லையானால், சிலிண்டர்களைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் கம்பிரஷன் முடிவில் உச்சியில் நிறுத்தி, பிளக் துவாரத்தின் வழியே 100 பவுண்டு காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் நழுவுகிறது என்று அளப்பது லீக்டவுன் சோதனை. நன்கு அமைந்த எஞ்சினில் இது 10 சதவீதத்துக்குள் நிற்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால், எண்ணெய் ஊற்றும் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். அங்கே சீறல் கேட்குமானால் குற்றம் வளையத்திலோ சிலிண்டரிலோ இருக்கிறது. எஞ்சினை மீண்டும் பிரிப்பதைத் தவிர அதற்குப் பரிகாரம் கிடையாது என்பதைச் சொந்தக்காரருக்கு மறைக்காமல் சொல்லிவிடுவது பட்டறையின் தர்மம்.

பின்புறச் சீல்தானா?

எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டினால், கிராங்க் தண்டின் பின்புறச் சீல்தான் போய்விட்டது என்று தீர்மானித்து, உடனே கியர்பெட்டியை இறக்குவது வழக்கம். இறக்குமுன் இந்த நான்கையும் விலக்கிவிடுங்கள்.

ஒன்று: கேம் தண்டின் முனையில், கியர்பெட்டிப் பக்கமாகப் பொருத்தியிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது கேம் சென்சாரின் ஓ-வளையம். வீரா வகைக் கார்களில் இது உஷ்ணத்தால் கெட்டிப்பட்டு, எண்ணெயை ஹெட்டின் பின்புறமாக வழியவிடும். அது நேரே பெல் ஹவுசிங்கின் மேல் இறங்கி, பின்புறச் சீல் கசிவதைப் போலவே காட்சியளிக்கும். சில வெள்ளியில் தீரவேண்டிய வேலைக்கு எஞ்சினை இறக்கும்படி செய்துவிடும் இடம் இதுதான்.

இரண்டு: ராக்கர் கவர் கேஸ்கெட்டின் கடைசியில் உள்ள அரைவட்ட ரப்பர் அடைப்பு. அதன் இரு மூலைகளிலும் ஒரு பொட்டு சிலிக்கான் வைக்காமல் மூடினால் அங்கேதான் கசியும்.

மூன்று: எண்ணெய் அழுத்த ஸ்விட்ச். இதன் மரையும் கசியும். மின்கம்பி மாட்டும் முனை வழியாகவும் கசியும்.

நான்கு: புதிதாக மாட்டிய ஆயில் மீட்டரின் சென்சார். ஜப்பானிய எஞ்சினில் உள்ள எட்டில் ஒரு பங்கு அங்குலக் குழாய் மரை, அங்குலத்துக்கு 28 புரி கொண்டது. அமெரிக்க அளவில் செய்த சென்சாரின் மரை அங்குலத்துக்கு 27 புரி கொண்டது. இரண்டும் சில சுற்று ஒன்றாய்ப் போகும். இறுகிவிட்டது போலவும் தோன்றும். ஆனால் எத்தனை டேப் சுற்றினாலும் கசிவு நிற்காது. பலாத்காரமாக முறுக்கினால் பிளாக்கின் மரையே வெடித்துவிடும். இதற்குச் சரியான அடாப்டர் வாங்குவது ஒன்றே வழி.

நான்கும் குற்றமற்றவை என்றால் கியர்பெட்டியை இறக்குங்கள். இறக்கியதும் துடைத்துவிடாமல் பாருங்கள். ஃபிளைவீலின் எஞ்சின் பக்கம் நனைந்திருந்தால் குற்றம் பின்புறச் சீலிலோ, அதற்கு மேலே பிளாக்கில் உள்ள எண்ணெய்வழி அடைப்பிலோ இருக்கிறது. கிளட்ச் பக்கம் நடுவிலிருந்து நனைந்திருந்தால், ஃபிளைவீல் போல்ட்டுகளின் துவாரம் கிராங்க் அறைவரை திறந்திருக்கும் எஞ்சினில் அந்த மரை வழியாக வந்திருக்கும். போல்ட்டுகளுக்கு மரைச் சீலண்ட் இட்டு மாட்ட வேண்டும். கந்தக நெடி வீசினால் கசிவது கியர்பெட்டியின் முன்தண்டுச் சீல். எஞ்சினுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

பரப்பும் பொருத்தமும்

அழுத்தம் சரியாக இருந்து, இடமும் நிச்சயமாகிவிட்டால், சீல் உராயும் தண்டைப் பார்க்க வேண்டும். பழைய சீல் ஓடிய இடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் பள்ளம் இருக்குமானால், புதிய சீலை அதே இடத்தில் அமர்த்துவது வீண். இடமிருந்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தலாம், அல்லது மெல்லிய எஃகு உறை ஒன்றைத் தண்டின் மேல் ஏற்றலாம். ஓவராலில் கிராங்கைச் சாணை பிடித்தபோது, சீல் ஓடும் பரப்பில் திருகுபோன்ற நுண்கோடுகள் விழுந்திருந்தால், தண்டு சுழலும்போது அந்தக் கோடுகளே எண்ணெயை வெளியே இறைக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய பரீட்சை உண்டு: தண்டை லேத்தில் மட்டமாகப் பிடித்து, சீல் ஓடும் பரப்பில் லேசாக எண்ணெய் தடவி, ஒரு நூலை அதன் மேல் சுற்றி, முனையில் சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டு, மெதுவாகச் சுழற்றுங்கள். நூல் இருந்த இடத்திலேயே நின்றால் பரப்பு நன்று. ஒரு பக்கமாக நகர்ந்து, தண்டைத் திருப்பிச் சுழற்றும்போது எதிர்ப்பக்கமாக நகர்ந்தால், நுண்கோடு உண்டு. மீண்டும் மெருகிட வேண்டும். மெயின் பேரிங்கின் இடைவெளி மிகுந்து தண்டு ஆடினாலும், சீலின் உதடு அதைத் தொடர்ந்து செல்ல முடியாமல் கசியும். அதையும் அளந்தே தீரவேண்டும்.

சீல்களில் இரண்டு வகை உண்டு. சாதாரண ரப்பர்ச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவித்தான் ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதடு கொண்ட சீலையோ, தண்டும் உதடும் உலர்ந்திருக்க ஏற்றி, சுமார் 4 மணி நேரம் விட்டு, பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த பேதம் அறியாமல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவுவதால் கெடும் சீல்கள் பல. சில சீல்களின் உதட்டில் சுழற்சித் திசையைக் காட்டும் அம்பும் சாய்வரைகளும் இருக்கும். ஹோண்டா பி16 போன்ற எஞ்சின்கள் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. ஆதலால் அளவு மட்டும் பொருந்துகிறது என்று வேறு எஞ்சினின் சீலைப் போடக்கூடாது. 4ஜி63 எஞ்சினில் பாலன்ஸ் தண்டுகளை எடுத்துவிட்டவர்கள், அவற்றுக்குப் போகும் எண்ணெய் வழியையும் முன்பெட்டியில் உள்ள சீல் துவாரத்தையும் ஒழுங்காக அடைத்திருக்கிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

சம்ப்பின் விளிம்பில் போல்ட் துவாரங்களைச் சுற்றிய தகடு, முன்பு யாரோ மிகையாக முறுக்கியதனால் மேலெழும்பி நிற்பதுண்டு. அதை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டிச் சமமாக்குங்கள். இரு பரப்புகளிலும் பழைய சிலிக்கானும் எண்ணெய்ப் பசையும் அறவே இல்லாதபடி துடையுங்கள். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில், துவாரங்களின் உட்புறமாக, இடைவிடாத ஒரே கோடாகச் சிலிக்கான் இடுங்கள். மேல்தோல் கட்டுமுன் பொருத்தி, ஒரு நாள் விட்டு எண்ணெய் ஊற்றுங்கள். அதிகமாக அப்பினால், உள்ளே பிதுங்கும் துண்டுகள் பம்பின் வலையை அடைத்து எஞ்சினையே கொன்றுவிடும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன்மீட்டருக்கு மேல் முறுக்கம் வேண்டியதில்லை. டார்க் ஸ்பானர் இல்லாமல் கையுணர்வால் இறுக்குவதை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

டர்போவின் எண்ணெய் திரும்பும் குழாயையும் மறவாதீர்கள். டர்போவுக்குள் ரப்பர்ச் சீல் கிடையாது. பிஸ்டன் வளையம் போன்ற மெல்லிய உலோக வளையமே எண்ணெயைத் தடுக்கிறது. திரும்பும் குழாய் அகலமாக இருந்து, எங்கும் மேலேறாமல் சரிந்து, சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அது மடிந்தாலோ கிராங்க் அறையின் அழுத்தம் எதிர்த்தாலோ எண்ணெய் தேங்கி, டர்போவின் இரு பக்கமும் கசியும். டர்போ கெட்டுவிட்டது என்று புதியது வாங்குவார்கள், அதுவும் கசியும்.

பரீட்சை ஓட்டம்

வேலை முடிந்ததும், எஞ்சினை ஐடிலிங்கில் பார்த்துவிட்டு வண்டியை ஒப்படைத்தல் ஆகாது. ஈஜோக்கிலிருந்து தெம்ப்ளர் பூங்கா வரை செல்லும் லத்தார் நெடுஞ்சாலை போன்ற தடையில்லாத பாதையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தைத் தாண்டாமலே, சற்றுக் கீழ்க்கியரில் ஓட்டினால், எஞ்சின் உயர்ந்த சுழற்சியில் அரை மணி நேரம் இயங்கிப் பரீட்சை முழுமையாகும். திரும்பியதும் நீர்க்குழாய் கொண்டு அழுத்தத்தை மீண்டும் அளந்து, அடிப்பாகத்தை விளக்குடன் பார்த்து, மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்த்து, அளவுகளைத் தேதியுடன் நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறெங்கேனும் ஈரம் தோன்றினால், குற்றம் புதியதா பழையதா என்று சொல்லப்போவது அந்த நோட்டுத்தான். சீலை ஊதவைத்துக் கசிவை மறைக்கும் மருந்துகளை எண்ணெயில் ஊற்ற வேண்டாம்; புதிதாகக் கட்டிய எஞ்சினில் அவை காரணத்தை மறைத்துக் காலத்தைக் கடத்துமேயன்றிக் குணப்படுத்தா.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல், மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். கழிவு எண்ணெய் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்கீழ் அட்டவணைக் கழிவு. தவிரவும், தோட்டத்துக் கால்வாய்கள் பல சிலாங்கூர் ஆற்றில் சேர்பவை. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் வாழும் பெரம்பாங் மரங்கள் அந்த ஆற்றின் கரையில்தான் நிற்கின்றன.

மேலே சொன்ன முறையைக் கைக்கொள்ளும் பட்டறைக்காரர், முதல் நாளில் மற்றவரைவிட இரண்டு மணி நேரம் அதிகமாகச் செலவிடுவார். அதற்குரிய கூலியையும் தயங்காமல் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம், உழைத்துச் சேர்த்த ஒருவருடைய பணத்தை மூன்றாம் முறை, நான்காம் முறை விரயமாகாமல் காக்கிறது. கசிவை நிறுத்துபவர் அநேகர். கசிந்த காரணத்தைச் சொந்தக்காரருக்குக் காட்டி விளக்கக்கூடியவரையே இந்தத் தொழிலில் தேர்ந்தவர் என்று சொல்லத் தகும்.